ஆவாரம்பூ: எந்தச் செடி, எந்தப் பாகம், எந்த அளவு

கேள்வி இது: மேய்ச்சல் காட்டில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரம்பூவைப் பறித்துக் காயவைத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, எதற்கெல்லாம் ஆகும், சர்க்கரைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாமா? பறித்து வைத்துக்கொள்ளலாம், பல வேலைக்கும் ஆகும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. மூன்றையும் விவரமாகச் சொல்கிறேன்.

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழியைச் சொல்லாமல் யாரும் இந்தப் பூவைப் பற்றிப் பேசுவதில்லை. செடியின் பெருமை அதில் இருக்கிறது. எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாள் என்பது அதில் இல்லை. ஆவாரையில் பூ செய்கிற வேலை வேறு, பட்டை செய்கிற வேலை வேறு, இலையும் காயும் செய்கிற வேலை வேறு. குடித்தும் பலன் தெரியவில்லை என்பவர்களும், குடித்து வயிறு கட்டிக்கொண்டது என்பவர்களும் பெரும்பாலும் இதில்தான் தவறியிருப்பார்கள்.

முதலில் செடியைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆவாரை இடுப்பளவோ ஆளுயரமோ வளரும் புதர். செம்மண் பொட்டல், கரிசல் வரப்பு, கண்மாய்க் கரை, புறம்போக்கு என்று தண்ணீர் இல்லாத இடத்தில் தானாக நிற்கும். ஆடு மாடு பொதுவாக இதைக் கடிப்பதில்லை. அதனால்தான் மேய்ந்து மொட்டையாகிப் போன காட்டிலும் இது மட்டும் பசுமையாக நிற்கிறது. ஆண்டு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்தாலும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு மார்கழி, தை மாதங்களில் காடே மஞ்சளாகும். கொங்குப் பகுதியில் போகியன்று ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் காப்புக் கட்டுவதும் இந்தப் பருவத்தில்தான். தெலுங்கில் இது தங்கேடு. தெலங்கானாவின் மாநில மலர், பதுக்கம்மாவில் அடுக்கும் பூ. சிங்களத்தில் ரணவரா. சங்க இலக்கியத்தில் ஆவிரை.

பூ மஞ்சளாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் பறிக்கக் கூடாது. ஒரு இலையைக் காம்போடு கையில் எடுத்துப் பாருங்கள். நடுக்காம்பின் இரண்டு பக்கமும் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி வரை சிற்றிலைகள், நுனி மழுங்கி, உச்சியில் மட்டும் ஊசி முனை அளவுக்கு ஒரு கூர். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே, காம்பின் மேல்பக்கத்தில், நிமிர்ந்து நிற்கும் மெல்லிய குச்சி போன்ற ஒரு சுரப்பி இருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்தில் காது மடல் மாதிரி அகலமாக இரண்டு பச்சை மடல்கள் இருக்கும். இலை முற்றினாலும் அவை உதிராது. இந்தக் காதுகளை வைத்துத்தான் தாவரவியலில் சென்னா ஆரிகுலேட்டா என்று பெயர் வைத்தார்கள். ஆரிகுலா என்றால் லத்தீனில் சிறு காது. பழைய நூல்களில் காசியா ஆரிகுலேட்டா என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. காதும் குச்சிச் சுரப்பியும் இல்லையென்றால் அது ஆவாரை இல்லை.

மாறிப்போகும் செடிகளில் கவனிக்க வேண்டியவை நான்கு. தகரையில் மூன்று ஜோடி சிற்றிலைதான், நுனிப்பக்கம் அகலமாக இருக்கும். காய் மெல்லியதாக அரிவாள் போல வளைந்து நீளும். பேயாவரையில் நான்கைந்து ஜோடி, நுனி நன்றாகக் கூர்ந்திருக்கும், கசக்கினால் கெட்ட வாடை அடிக்கும். சில ஊர்களில் இதைப் பொன்னாவரை என்பார்கள். இது விளையாட்டல்ல: மேற்கு உத்தரப்பிரதேசத்தில் குழந்தைகள் மூளையும் ஈரலும் தசையும் பாதித்து இறந்துகொண்டிருந்ததற்குக் காரணம் இதன் காயைத் தின்றதுதான் என்று 2000களில் கண்டறிந்தார்கள். மூன்றாவது நிலாவாரை, திருநெல்வேலி தூத்துக்குடி பக்கம் பயிராவது. நல்ல பேதி மருந்து. கடையில் ஆவாரை இலை கேட்டு, பெயர் ஒற்றுமையால் நிலாவாரை இலையை வாங்கி வந்து தேநீர் மாதிரி தினமும் குடித்தால் வயிறு ஓடிக்கொண்டே இருக்கும். நான்காவது கொன்றை வகைகள். சரக்கொன்றை மரம், பூ சரம் சரமாகத் தொங்கும். சாலையோர மஞ்சக்கொன்றையும் மரம்தான். காட்டில் பறிக்கும்போது இவை குழப்பாது. ஆனால் காய்ந்த பூவாக வாங்கும்போது கலந்து வரும். சரக்கொன்றைப் பூவில் வில்லாக வளைந்த நீளமான மூன்று இழைகள் இருக்கும், இதழ் மெலிந்து வெளிறியிருக்கும். ஆவாரம்பூ இதழில் ஆரஞ்சு நரம்புகள் காய்ந்த பிறகும் பழுப்புக் கோடுகளாகத் தெரியும், இதழோரம் சுருங்கி மடிந்திருக்கும்.

இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தப் பையின் நுனியில் சிறு துளை மட்டும் உண்டு. கருவண்டு வந்து பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைக்கும்போது மகரந்தம் பொடியாகக் கொட்டுகிறது. காலையில் செடிப்பக்கம் கேட்கும் கனத்த ரீங்காரம் அதுதான். பூவை எல்லாம் ஒட்ட வழித்துவிட்டால் வண்டுக்கும் இரை இல்லை, செடிக்கும் விதை இல்லை. ஒரு புதரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

பறிக்க வேண்டியது பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், ஏறக்குறைய காலை எட்டு முதல் பத்து மணிக்குள். அன்று விரிந்த பூவும் நாளை விரியப்போகும் முற்றிய மொட்டும் எடுக்கலாம். முதல் நாள் பூத்து ஓரம் வாடியதை விட்டுவிடுங்கள். நெடுஞ்சாலை ஓரம், பூச்சிமருந்து அடிக்கும் வயல் வரப்பு, களைக்கொல்லி அடித்த இடம், ஆலைக் கழிவு ஓடும் வாய்க்கால் ஆகியவற்றில் பறிக்க வேண்டாம். துணிப்பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் அமுக்கிக்கொண்டு வந்தால் வீட்டுக்கு வருவதற்குள் வேர்த்து, இதழ் பழுத்துவிடும்.

காயவைப்பதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். பறித்து வந்ததும் வெள்ளைத் துணியில் பரப்பி அரை மணி நேரம் விடுங்கள், உள்ளிருக்கும் எறும்பும் சிறு பூச்சியும் வெளியேறிவிடும். கழுவுவதாக இருந்தால் ஒரே முறை தண்ணீரில் முக்கி எடுத்து உடனே நீரை வடித்துவிட வேண்டும், ஊறவிடக் கூடாது. பிறகு காற்றோட்டமான நிழலில், பூவின் மேல் பூ படாமல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். தினமும் இரண்டு முறை புரட்டிவிடுங்கள். வறண்ட நாளில் மூன்று நாள், ஈரக்காற்று அடித்தால் ஐந்தாறு நாள் ஆகும். நேர் வெயிலில் போட்டால் ஒரே நாளில் காயும், ஆனால் மஞ்சள் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும், மணமும் துவர்ப்பும் குறையும்.

இதழ் ஒரு நாளிலேயே மொறமொறவென்று ஆகிவிடும். அதைத் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று டப்பாவில் அடைப்பதுதான் வழக்கமான தவறு. பூவின் அடியில் புல்லிகள் சேரும் பச்சை முடிச்சு இருக்கிறதே, அதில் ஈரம் இரண்டு நாள் கூடுதலாக நிற்கும். அந்த முடிச்சை நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுப்பாக அமுங்கினால் காயவில்லை, சடக்கென்று உடைந்தால் காய்ந்தது. சந்தேகமிருந்தால் அடைப்பதற்கு முன் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இரண்டு நாள் மூடி வையுங்கள். உள்பக்கம் ஆவி படிந்தால் எடுத்து மறுபடி பரப்புங்கள். ஒரு கிலோ பச்சைப் பூ காய்ந்தால் 200 கிராம் அளவுக்குத்தான் நிற்கும். 300, 350 கிராம் நிற்கிறது என்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்ததைக் கண்ணாடியில் அடைத்து இருட்டான அலமாரியில் வைத்தால் ஆறு முதல் எட்டு மாதம் வரை தாங்கும். வெள்ளைப் பூசணமோ மக்கிய வாடையோ வந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேலாக எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தக் கூடாது.

இனி குடிக்கிற விஷயம். சித்த மருத்துவத்தில் ஆவாரம்பூவுக்குச் சுவை துவர்ப்பு, தன்மை குளிர்ச்சி. நீரிழிவு, நாவறட்சி, உடம்பில் உப்புப் பூத்தல், கற்றாழை நாற்றம் எனப்படும் உடல் நாற்றம் ஆகியவற்றைப் போக்கி மேனிக்கு நிறம் தரும் என்று சித்த மருந்து நூலான குணபாடம் சொல்கிறது. இதில் வறட்சியும் உடற்சூடும் நம் வீடுகளில் பழகிய பயன்பாடு. வெயில் காலத்தில் ஒரு டம்ளர் ஆவாரம்பூத் தண்ணீர் இதமாகவே இருக்கும்.

சாதாரணமாகக் குடிக்க, ஒரு டம்ளர் அதாவது 200 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அதில் காய்ந்த பூ ஒரு தேக்கரண்டி, ஏறத்தாழ 2 கிராம், அல்லது பச்சைப் பூ ஐந்தாறு போட்டு மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் வெளிர் தங்க நிறத்துக்கு வரும். வடிகட்டிக் குடியுங்கள். பூவைப் போட்டு அடுப்பிலேயே பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் நிறம் செம்பழுப்பாகி, நாக்கு இழுக்கிற அளவுக்குத் துவர்ப்பு இறங்கும். வெறும் வயிற்றில் அதைக் குடித்தால் சிலருக்குக் குமட்டும், தொடர்ந்து குடித்தால் மலம் கட்டும். கடுமையாக இருந்தால்தான் மருந்து என்று நினைக்க வேண்டியதில்லை. காப்பி மாதிரி வேண்டுமென்றால் காய்ந்த பூ 100 கிராம், சுக்கு 10 கிராம், ஏலக்காய் 5 கிராம் சேர்த்துக் கொரகொரவென்று பொடித்து, ஒரு தேக்கரண்டிப் பொடியை 150 மில்லி தண்ணீரில் ஒரு கொதி விட்டு வடித்துப் பால் சேர்க்கலாம். பாலிலுள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் குடிக்க மென்மையாக இருக்கும். சர்க்கரை நோயாளிகள் அதில் கருப்பட்டியோ நாட்டுச்சர்க்கரையோ போட்டுக் குடிப்பதில் பொருளில்லை. அவையும் சர்க்கரைதான்.

சோற்றோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். துவர்ப்புக்குக் காரணமான டானின் உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தசோகை உள்ளவர்களும் இரும்பு மாத்திரை எடுப்பவர்களும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

சமைத்துச் சாப்பிடுவது இதைவிட எளிது. இரண்டு கைப்பிடிப் பச்சைப் பூவில் இதழை மட்டும் உருவிக்கொள்ளுங்கள். அடி முடிச்சும் நடுவிலுள்ள பிஞ்சுக் காயும் கசக்கும். 50 கிராம் பாசிப்பருப்பை மலர வேகவைத்து, சின்ன வெங்காயம், சீரகம், மிளகு தாளித்துச் சேர்த்து, உப்புப் போட்டு, இறக்குவதற்கு மூன்று நிமிடம் முன்பு இதழைப் போட்டுக் கிளறினால் போதும். பருப்போடு சேர்த்தே வேகவைத்தால் கூட்டு முழுக்கத் துவர்ப்பாகிவிடும்.

இப்போது சர்க்கரை நோய். ஆவாரைக்குப் பெயர் வாங்கித் தந்தது இதுதான், குழப்பம் அதிகமிருப்பதும் இதில்தான். சித்த மருத்துவர்கள் நீரிழிவுக்குத் தரும் ஆவாரைக் குடிநீர் என்பது ஆவாரை மட்டும் அல்ல. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை என்று ஏழு சரக்கு சேர்ந்தது. இதில் பொன்கொரண்டி என்றும் சொல்லப்படும் கடலழிஞ்சில் தனியாகவே வலுவானது. மாவுச்சத்தைக் குடலில் சர்க்கரையாக உடைக்கும் நொதியைத் தடுக்கும் பொருள்கள் அதன் வேரிலும் தண்டிலும் உள்ளன. அந்த ஏழு சரக்குக் குடிநீரில் ஒருவருக்குச் சர்க்கரை இறங்கியது என்பதைக் கேட்டுவிட்டு, காட்டில் பறித்த பூவைத் தனியாகக் காய்ச்சிக் குடித்தால் அதே பலன் வராது. குடிநீருக்கு இடித்த சூரணம் 5 முதல் 10 கிராம் வரை எடுத்து, 240 மில்லி தண்ணீரில் போட்டு 60 மில்லியாக வற்றக் காய்ச்சுவது வழக்கம். அளவையும் நாளையும் நோயாளியைப் பார்த்துத்தான் சித்த மருத்துவர் சொல்வார்.

பூவுக்குத் தனியாக எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆவாரம்பூச் சாற்றைக் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் குறைந்தன. ஆனால் எலிக்குக் கொடுத்த செறிவான சாறு வேறு, நாம் டம்ளரில் ஊறவைக்கும் 2 கிராம் பூ வேறு. அந்த ஆய்வை வைத்து ஒரு மனிதரின் மாத்திரையை நிறுத்த முடியாது. முதல் வகை நீரிழிவில் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. இரண்டாம் வகையில் நிறுத்தினால் உடனே எதுவும் தெரியாது, அதுதான் ஏமாற்றுவது. கண்ணும் சிறுநீரகமும் பாத நரம்பும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும்.

மாத்திரையோடு சேர்த்துக் குடிக்க விரும்பினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்த சர்க்கரையையும் எழுதி வையுங்கள். குடிக்கத் தொடங்கிய பிறகும் அதே நேரங்களில் எழுதுங்கள். உணவையும் நடையையும் அதே வாரத்தில் மாற்றினால் எதனால் இறங்கியது என்று தெரியாமல் போய்விடும். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ வாய்ப்புண்டு. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் உடனே சோதியுங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.

வலிப்புக்குக் கார்பமாஸிபைன் எடுப்பவர்கள் ஆவாரம்பூத் தேநீரைத் தவிர்க்க வேண்டும். இலங்கையில் எலிகளில் செய்த ஆய்வில், ஆவாரைத் தேநீரோடு சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடியது. அந்த மருந்தில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. இதே இலங்கையில் 1980களின் தொடக்கத்தில் நடந்த இன்னொரு ஆய்வு, ஈரலுக்குக் கேடான பைரோலிசிடின் வகை ஆல்கலாய்டு ஆவாரையில் இருப்பதைக் காட்டியது. பருவத்தில் பறித்துச் சில வாரம் குடிப்பதற்கும், ஆண்டுக்கணக்கில் ஒரு நாள் விடாமல் குடிப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முக்கியமாகிறது. என் கருத்தில், நாளுக்கு ஒரு வேளை ஒரு டம்ளர் என்று மூன்று வாரம் குடித்தால் அதே அளவு நாள் நிறுத்துவது நல்லது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறு குழந்தைகள், ஈரல் நோய் உள்ளவர்கள் குடிக்கவே வேண்டாம்.

மேலுக்குப் பூசுவதில் இந்தத் தயக்கம் எதுவும் தேவையில்லை. ஆவாரம்பூவின் சிறந்த பயன்பாடு குளியல் பொடிதான் என்பேன். காய்ந்த பூ 100 கிராம், பச்சைப்பயறு 250 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், கோரைக்கிழங்கு 25 கிராம், வெட்டிவேர் 25 கிராம், கஸ்தூரி மஞ்சள் 25 கிராம். பூவைத் தவிர மற்றதை ஒரு நாள் நல்ல வெயிலில் போட்டெடுங்கள். கிழங்குகளை முதலில் உரலில் இடித்து உடைத்துக்கொள்ளுங்கள், வெட்டிவேரைக் கத்தரியால் விரற்கடை நீளத்துக்கு நறுக்குங்கள். நறுக்காவிட்டால் அது அரவையில் நாராகச் சுற்றிக்கொள்ளும். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்ததும் சூடாக இருக்கும்; செய்தித்தாளில் பரப்பி ஆறவிட்ட பிறகுதான் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துப் பயறில் வண்டு விழும். முகத்துக்கு என்றால் மெல்லிய துணியில் சலித்த பொடி மட்டும் போடுங்கள், கொரகொரப்பான பொடி தோலைக் கீறும். வறண்ட தோலுக்குப் பாலிலோ தயிரிலோ குழைக்கலாம், எண்ணெய்த் தோலுக்குத் தண்ணீர் போதும். பூசிக் காயவிட்டு இழுக்காதீர்கள், ஈரமாக இருக்கும்போதே தேய்த்துக் கழுவிவிடுங்கள். முதல் முறை போடுபவர்கள் முழங்கை மடிப்பில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகலாம். வேர்வை நாற்றத்துக்கு இது நன்றாகக் கேட்கும். துவர்ப்புப் பொருள் தோலை இறுக்கி வேர்வையின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது.

வெயிலில் வேலை செய்பவர்கள் தலைப்பாகைக்குள் ஆவாரை இலையை வைத்துக் கட்டிக்கொள்வது பழைய பழக்கம். கொத்தாகப் பறித்த இலையை இரண்டு விரல் தடிமனுக்கு அடுக்கி வைத்தால் துணிக்கும் தலைக்கும் நடுவே ஈரமும் காற்றும் நிற்கும். வாடியதும் மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பட்டைக்கு வருவோம். ஆவாரம்பட்டை ஒரு காலத்தில் ஊரையே வாழவைத்த சரக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல் பகுதித் தோல் பதனிடும் இடங்களில் தொட்டி தொட்டியாக ஊறியது இந்தப் பட்டைதான். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்து அதன் இடத்தைப் பிடித்தது. பட்டையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டானின். அது தோலிலுள்ள புரதத்தை இறுக்கிப் பிடித்து அழுகாமல் காக்கிறது. ஈறில் ரத்தம் கசிவதற்கும் வாய்ப்புண்ணுக்கும் பட்டைக் கஷாயத்தைக் கொப்பளிக்கச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். மேல் சவ்வு இறுகி எரிச்சல் குறையும். காய்ந்த பட்டை 10 கிராமை 200 மில்லி தண்ணீரில் பாதியாகக் காய்ச்சி ஆறவைத்து, ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள். விழுங்க வேண்டாம். அன்றன்று காய்ச்சியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை, அதுவும் புகையிலை போடுபவராக இருந்தால், மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். பட்டை தேவையென்றால் கவாத்து செய்த கிளையிலிருந்து உரித்துக்கொள்ளுங்கள். நிற்கும் தண்டைச் சுற்றிலும் உரித்தால் செடி பட்டுப்போகும், கிளையை வெட்டினால் மறுபடி தழைக்கும்.

இலையிலும் காயிலும் நிலாவாரையிலிருக்கும் பேதிப் பொருளின் இனத்தைச் சேர்ந்தவை சிறிதளவு உண்டு. பட்டை வயிற்றைக் கட்டும், இலையும் காயும் இளக்கும். ஐந்து பாகத்தையும் சேர்த்தரைத்த ஆவாரைப் பஞ்சாங்கச் சூரணத்தை வாங்கி, பூப்பொடி என்று நினைத்துத் தாராளமாகக் கலக்கிக் குடிப்பவருக்கு வயிறு ஒரு நாள் ஒரு மாதிரி இருப்பது இதனால்தான். வாங்கும்போது பூப்பொடியா பஞ்சாங்கமா என்று கேட்டு வாங்குங்கள். பூப்பொடி மஞ்சள் கலந்த பழுப்பு, பஞ்சாங்கம் பச்சை கலந்த பழுப்பு. இயன்றவரை முழுப் பூவாகவே வாங்கி வீட்டில் பொடிப்பது நல்லது, முழுப் பூவில் கலப்படம் கண்ணுக்குத் தெரியும்.

கண்ணுக்கு இதைப் பயன்படுத்தும் பழக்கம் இரண்டு விதமாக இருக்கிறது. மொட்டை இளஞ்சூட்டில் வதக்கித் துணியில் முடிந்து, மூடிய இமைமேல் ஒற்றடம் கொடுப்பதில் கெடுதல் இல்லை. விதையைப் பொடித்துக் கண்ணுக்குள் போடுவது கூடவே கூடாது. கருவிழியில் ஒரு துகள் கீறினாலே புண்ணாகும், அதில் கிருமியும் சேர்ந்தால் பார்வை போகும்.

வீட்டுப் பக்கமே வளர்க்க நினைத்தால் கடினமில்லை. காய் தட்டையாக, காகிதம் மாதிரி இருக்கும். பழுப்பாகிக் காய்ந்ததும் ஒரு காயில் பத்துப் பன்னிரண்டு விதைகளுக்கு மேல் கிடைக்கும். விதைத்தோல் கெட்டி என்பதால் அப்படியே போட்டால் பாதிகூட முளைக்காது. கொதித்த தண்ணீரை இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு விதையின் மேல் ஊற்றி, இரவு முழுக்க ஊறவையுங்கள். ஊதிப் பெருத்ததை விதையுங்கள், பெருக்காததை மணலோடு சேர்த்துக் கல்லில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவையுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி, எனவே நாற்றைப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. நிற்க வேண்டிய இடத்திலேயே அரை அங்குல ஆழத்தில் ஊன்றிவிடுங்கள், ஆடிப்பட்டம் சரியான நேரம். முளைத்து ஒரு மாதம் வரை தண்ணீர் தேவை, பிறகு மழையே போதும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். எரு அதிகம் போட்டால் இலையாக வளரும், பூ குறையும். இரண்டாம் ஆண்டில் நன்றாகப் பூக்கத் தொடங்கும். வெளிர் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் இதன் தளிரில் முட்டையிடும், பச்சைப் புழு இலையையும் மொட்டையும் தின்னும். மருந்து அடிக்க வேண்டாம், அடித்தால் அந்தப் பூ குடிக்க ஆகாது. புழு ஏறிய கிளையை அதற்கே விட்டுவிட்டு மற்றக் கிளைகளில் பறித்துக்கொள்ளுங்கள். பூ ஓய்ந்த பிறகு, மாசி பங்குனியில் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் அடுத்த மழைக்குப் புதுக் கிளை வெடித்து, கைக்கெட்டும் உயரத்தில் பூக்கும். வெட்டிய தழையை நெல்வயலில் மிதித்துவிடுங்கள், ஆவாரை நல்ல தழையுரம்.